பவுனுக்கு மருந்து போட்ட தேதி

வாங்க சார், வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. ஆட்டோவுலயா வந்தீங்க? நல்லதாப் போச்சு. பஸ்ஸுல நாய ஏத்த மாட்டான். புளியங்குடியில இருந்து ஒரு போஸ்டாபீஸ் சார் வாராரு, நாயக் கொடுத்து விட்ருங்கன்னு என் மக செண்பகம் போன்ல சொன்னா. என்கிட்ட இல்ல. எதுத்த வீட்டம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருக்கா, அந்தம்மா வந்து வாசல்ல நின்னு எனக்குச் சொல்லிட்டுப் போச்சு. என்கிட்டப் போன் இல்லாமலா இருக்கு? இந்தா, சட்டைப் பையிலதான் கெடக்கு.

உக்காருங்க. நாய் பின்கட்டுல நிக்கு. பவுனுன்னு பேரு, என் வீட்டுக்காரி வச்சது. நெறத்தப் பாத்தா ஏன் வச்சான்னு ஒங்களுக்கே தெரியும். சாதி நாய் கெடையாது சார், நாட்டு நாய்தான். ஆனா ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. செருப்பக் கடிக்காது, கோழியத் தொரத்தாது. அந்நிய ஆளு வந்தா மூணு தடவ கொலைக்கும், 'சரிட்டி போதும்'னு சொன்னா நிப்பாட்டிரும். இப்ப நீங்க வந்ததுக்குக் கொலைக்கல, பாத்தீங்களா? ரெண்டு மாசமா இப்படித்தான். கதவு தெறக்கற சத்தம் கேட்டா தலையத் தூக்கிப் பாக்கும். அவ இல்லன்னு தெரிஞ்சதும் தலையக் கீழ போட்டுரும்.

நாயப் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டுதேன், வாங்க. இந்தப் பின்வாசக் கதவைச் சாத்துனா சுவரு தெரியுதுல்லா? படிங்க. மே இருபத்தஞ்சு. ஜூன் இருபத்தஞ்சு. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரு, அக்டோபரு. எல்லாம் இருபத்தஞ்சு. பக்கத்துல கோ.நா.ன்னு போட்டிருக்கே, அது நான். கோமதிநாயகம். நாய்க்கு உண்ணி மருந்து போட்ட தேதி அதெல்லாம். மாசந் தவறாம. எந்த வீட்டுலயாவது நாய்க்கு இப்படி எழுதி வச்சிருக்கானா, சொல்லுங்க பாப்போம்.

முப்பத்தோரு வருஷம் முனிசிபாலிட்டியில மலேரியா வேலை பாத்தவன் சார் நான். வீடு வீடாப் போவணும். தண்ணித் தொட்டியில புழு கெடக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும், மருந்து ஊத்தணும். "காய்ச்சல் யாருக்கும் உண்டா?"ன்னு கேக்கணும். உண்டுன்னா வெரல்ல ஊசியக் குத்தி கண்ணாடிச் சில்லுல ரத்தம் எடுக்கணும். எல்லாம் முடிச்சுட்டு கதவுக்குப் பின்னால சுவத்துல தேதியப் போட்டுக் கையெழுத்துப் போடணும். இந்த ஊருல என் எழுத்து இல்லாத கதவு கெடையாது. நகைக்கடைக்காரன் புதுசா பெயிண்டு அடிச்ச மறுநாளு போயி எழுதுனேன். குதியா குதிச்சான். சர்க்காரு உத்தரவு வே, குதிக்காதியும்னேன்.

ஒளிக்காமச் சொல்லுதேன். ஒரு நாளைக்கு நூத்தம்பது வீடுன்னு உத்தரவு போடுவான். எவனால முடியும்? மதியத்துக்கு மேல வெயிலு மண்டையப் பொளக்கும். சில தெருவுல தேதிய மட்டும் எழுதிட்டு வந்துருவோம். நான் மட்டுமில்ல, எல்லாரும் செய்யறதுதான். எழுதிருந்தா இன்ஸ்பெக்டருக்கும் நிம்மதி, வீட்டுக்காரனுக்கும் நிம்மதி. கொசு என்ன, தேதியப் படிச்சுப் பாத்துட்டா கடிக்கப் போகுதுன்னு சொல்லிச் சிரிப்போம்.

டீ குடிப்பீங்கல்லா? சீனி தூக்கலா இருக்கும், எனக்கு இன்னும் அளவு பிடிபடல.

போன சித்திரையிலதான் சார் பவுனுக்கு உண்ணி பிடிச்சது. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல. காதுக்குள்ள கொத்தா அப்பிக் கெடந்துச்சு. கழுத்துல, கால்வெரல் இடுக்குல, வாலுக்கடியில. ரத்தங் குடிச்சு ஆமணக்கு முத்து கணக்கா உப்பிப் போயி இருக்கும். சுவத்துல ஏறும், காலண்டருக்குப் பின்னால கூட்டங் கூட்டமாக் கெடக்கும். என் வீட்டுக்காரி ஆவுடை, ஆவுடையம்மா, நாயக் கூட்டிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நின்னா. எனக்கு இஷ்டமே இல்ல. பூச்சி ஒழிக்கறதுக்கு நான் ஒருத்தன்ட்ட போயி யோசனை கேக்கவான்னேன். 'ஊருக்குச் செஞ்சீக, வீட்டுக்குச் செய்யலியே'ன்னா. சரின்னு போனேன்.

டாக்டரு சின்னப் பொண்ணு. செண்பகத்தை விட ரெண்டு வயசு கொறச்சலா இருக்கும். நாயப் பாத்துச்சு, ஒரு சின்ன ட்யூபு எழுதிக் குடுத்துச்சு. மாசம் ஒருக்க, கழுத்துக்குப் பின்னால, நாயி நாக்கு எட்டாத எடத்துல முடிய வெலக்கித் தோலு மேல ஊத்தணும். அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னயும் குளிப்பாட்டக் கூடாது, பின்னயும் குளிப்பாட்டக் கூடாது. இதெல்லாம் ஒங்களுக்குத்தான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. நாயி மேல இருக்கறது கொஞ்சந்தான், மிச்சமெல்லாம் சுவத்து வெடிப்புலயும் அது படுக்கற துணியிலயும் கெடக்கும், அங்கயும் மருந்து அடிக்கணும்னுச்சு. வெறுங்கையால புடுங்கவே கூடாது, நகத்துல வச்சு நசுக்கவே கூடாது, சாமணம் வச்சுத் தோலோட ஒட்டிப் புடிச்சு இழுத்து சோப்புத் தண்ணியில போடுங்கன்னுச்சு. ரத்தங் குடிச்ச உண்ணிய நசுக்குனா அதுல உள்ள நோயி நம்ம கையில ஏறிருமாம். கடைசியா, "அய்யா, உண்ணி இல்லன்னாலும் மாசா மாசம் விடாமப் போடுங்க. வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வந்தா, நாயி இருக்கு, உண்ணி இருந்துச்சுன்னு டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லிருங்க"ன்னுச்சு.

எனக்கு முணுக்குனு கோவம் வந்துட்டு சார். காய்ச்சலப் பத்தி எனக்கா? நான் காய்ச்சல் கேக்கப் போகையில இந்தப் பிள்ள பள்ளிக்கூடம் போயிருக்காது. 'தெரியும்மா தெரியும், முப்பத்தோரு வருஷம் இதாம் பொழப்பு'ன்னேன். அது சிரிச்சுட்டு, 'அப்ப ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல'ன்னுச்சு. ஆவுடைதான் வழியெல்லாம் ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணிட்டே வந்தா.

செஞ்சேன் சார். செய்யலன்னு யாரும் சொல்ல முடியாது. காலண்டரையெல்லாம் கழத்தி, கட்டிலத் தூக்கி வெளிய போட்டு, வீட்டாளையும் நாயையும் வெளியேத்திட்டு, ஒரு வெடிப்பு விடாம அடிச்சேன். அஞ்சு தடவ. வேலை பாத்த காலத்துல கூட அப்படி அடிச்சதில்ல. மே மாசம், ஜூன்ல, ஜூலையில, ஆகஸ்டுல ட்யூப ஊத்துனேன், தேதியப் போட்டேன். ஆகஸ்டு மாசம் சல்லடை போட்டுத் தேடுனாலும் ஒரு உண்ணி கெடையாது. பவுனுக்கு முடி பளபளன்னு வந்துட்டு. ஆவுடை அதப் பக்கத்துல படுக்க வச்சுக்கிடுவா. மதியம் பாய விரிச்சு இவ படுத்தா, சேலை முந்தியில தலைய வச்சு அது படுக்கும்.

செப்டம்பரு இருபத்தஞ்சு வந்துச்சு. அன்னைக்கு என்ன, மூட்டு வலி. உண்ணி ஒண்ணுகூட இல்லாத நாய்க்கு எதுக்கு மருந்து, நாளைக்குப் பாத்துக்கிடுவோம்னு விட்டேன். தேதிய மட்டும் எழுதிட்டேன். கை சும்மா இருக்காது சார், இருபத்தஞ்சுன்னா எழுதிரும். அக்டோபர்லயும் அப்படித்தான். ரெண்டு மாசம். ரெண்டே ரெண்டு மாசம். அதப் போயி ஒரு பெரிய குத்தமாச் சொல்லுதா என் மக. ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க.

ஐப்பசி மழை பிடிச்சுக்கிட்ட சமயம். நவம்பரு அஞ்சு, ஆறு இருக்கும். ஆவுடை நடையில உக்காந்து, பவுனு தலைய மடியில போட்டு, பொம்பளப் பிள்ளைக்குப் பேன் பாக்கற மாதிரி பாத்துட்டு இருந்தா. "இங்க பாருங்களேன், காதுக்குள்ள ரெண்டு மூணு கெடக்கே"ன்னா. நான் பேப்பரு படிச்சிட்டு இருந்தேன். "உண்ணி எப்படி இருக்கும்? மருந்து போட்டுப் பத்து நாளுதான் ஆச்சு, தேதியப் பாருட்டி"ன்னேன். எந்திரிச்சுப் போயி கதவச் சாத்திட்டுப் பாத்தா சார். பாத்துட்டு வந்து, "ஆமா, போட்டிருக்கீகளே. அப்ப மருந்துல செத்ததுதான் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு"ன்னு உக்காந்தா.

செத்ததுக்கு எதுக்குச் சாமணம்? கையாலயே ஒவ்வொண்ணா உருவுனா. ரெண்டு கட்டவெரல் நகத்துக்கும் நடுவுல வச்சு நசுக்குனா, பேன் குத்துற மாதிரி. டப்பு டப்புன்னு சத்தம் கேட்டுச்சு. செத்ததுன்னா சத்தம் வருமா சார்? எனக்கு அது தெரியாதா? பேப்பர விட்டுத் தலையத் தூக்கிருந்தா போதும். 'இதுல ரத்தம் வருதே'ன்னு சொன்னா. 'கையக் கழுவு'ன்னேன்.

கழுவுனா.

குடிங்க சார், டீ ஆறிரும்.

ஒரு வாரம் கழிச்சு, மேலு வலிக்கின்னா. மழைன்னா அவளுக்கு மேலு வலிக்கும், நான் கண்டுக்கிடல. மறுநாளு தலைவலின்னு முந்தியால இறுக்கிக் கட்டிக்கிட்டு சோறு பொங்குனா. எனக்குச் சோறு போட்டுட்டு அவ சாப்பிடல. மூணாம் நாளு டம்ளர வாங்கும்போது கை பட்டுச்சு, அப்பதான் எனக்குத் தெரியும், கொதிக்கி. 'எப்ப இருந்துட்டி?'ன்னு கேட்டேன், முந்தாநாளுல இருந்துன்னா. 'ஏன் சொல்லல?'ன்னேன். 'நீங்க கேக்கலியே'ன்னா. சும்மா சிரிச்சுட்டுத்தான் சொன்னா. முப்பத்தோரு வருஷம் ஊருல உள்ள கதவெல்லாம் தட்டி, காய்ச்சல் யாருக்கும் உண்டான்னு கேட்டவன் சார் நான்.

இங்கன ஒரு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போனேன். பேரு வேண்டாம். அந்த மனுசன் மேலதான் எனக்குத் தீராத வருத்தம். ஊசியப் போட்டாரு, மாத்திரையக் குடுத்தாரு, மழைக் காய்ச்சல்னாரு. ரெண்டாந்தடவ போனப்ப, 'வீட்டுல ஆடு மாடு, நாயி ஏதும் உண்டா, உண்ணி ஏதும் கடிச்சுதா?'ன்னு கேட்டாரு. ஆவுடை வாயத் தெறந்தா. நான் முந்திக்கிட்டேன். "நாய் உண்டு, உண்ணி கெடையாது. நான் மலேரியாவுல இருந்தவன், மாசா மாசம் மருந்து போட்டு எழுதி வச்சிருக்கேன்"ன்னேன். சரின்னு விட்டுட்டாரு. ஒரு டாக்டரு அப்படி விடலாமா, சொல்லுங்க? நோயாளி புருசன் சொன்னா நம்பிருவாரா? பக்கத்துல ஒருத்தி வாயத் தெறந்துட்டு உக்காந்திருக்காளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?

ஏன் சொன்னேன்னு கேக்கீங்க. நீங்க கேக்கல, நானே கேட்டுக்கிடுதேன். மருந்து போடலன்னு அவ முன்னாடி எப்படிச் சொல்ல? அவ அந்தச் சுவத்தப் பாத்துட்டு வந்தவல்லா.

ஆறாம் நாளு பேச்சு கொழற ஆரம்பிச்சுட்டு. திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். செண்பகம் மதுரையில இருந்து நேரா அங்க வந்துட்டா. அங்க இருந்த டாக்டரு உள்ளங்கைய விரிச்சுப் பாத்தாரு, சின்னச் சின்னதா செகப்புப் புள்ளி. உள்ளங்கால்லயும் இருந்துச்சு. 'வீட்டுல நாய் இருக்கா?'ன்னாரு. செண்பகம் இருக்குன்னா. 'உண்ணி?' இந்தத் தடவ நான் பேசல. ஆவுடைக்கு எங்க இருந்துதான் தெளிவு வந்துச்சோ, "செத்த உண்ணிதான் டாக்டரு, கையால எடுத்தேன். அவுக மருந்து போட்டுட்டாக"ன்னா.

எனக்காகச் சொல்லுதா சார். நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு, வார்த்தை வெளிய வரல, அதுலயும் என்னைய விட்டுக் குடுக்கல.

உண்ணிக் காய்ச்சல்னு சொல்லிட்டாரு. அதுக்கு மருந்து இருக்காம். வெல கொறைஞ்ச மாத்திரைதானாம், மூணாம் நாளே ஆரம்பிச்சிருந்தா எந்திரிச்சு நடந்துருப்பாளாம். அன்னைக்கே ஆரம்பிச்சாங்க. ஆனா சிறுநீரகம் கெட்டுப் போச்சுன்னாங்க. நவம்பரு பத்தொம்பது, காலம்பற எட்டே கால் மணிக்குப் போயிட்டா. இட்லி வாங்கிட்டு வாங்கன்னு என்னைய வெளிய அனுப்புனாங்க. வாங்கிட்டு வாரதுக்குள்ள போயிட்டா.

பதினாறாம் நாளு. படத்துக்குப் பக்கத்துல அம்மா மூக்குக் கண்ணாடிய வைக்கணும்னு செண்பகம் அலமாரியத் தொறந்தா. கண்ணாடி இருந்துச்சு. அதுக்குப் பின்னால மருந்துக்கடைக் கவரு ஒண்ணு. அதுக்குள்ள ரெண்டு ட்யூபு, மூடி தொறக்காம. கவரோட பில்லு இருந்துச்சு, ஆகஸ்டு மாசத்துப் பில்லு. கவர எடுத்துக்கிட்டுப் பின்வாசலுக்குப் போனா. கதவச் சாத்தற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் அங்கனயே நின்னா. அப்புறம், "யப்பா, இங்க வாங்க"ன்னா.

போனேன். "செப்டம்பரு, அக்டோபரு எழுதிருக்கே. அப்ப இது என்ன?"ன்னா. 'எழுதிட்டேன், மறுநாளு போட்ருவோம்னு நெனச்சேன்'னேன். "அம்மா இதப் பாத்தாளா?"ன்னா. தலைய ஆட்டுனேன். "இதப் பாத்துட்டுத்தானா கையால எடுத்தா?"ன்னா. 'தேதி போட்டிருந்துச்சுல்லா'ன்னேன். வாயில அதுதான் வந்துச்சு சார். அந்த நேரத்துலயும் அதுதான் வந்துச்சு.

அவ கத்துவான்னு பாத்தேன். கத்தல. அவளே பவுனைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி மூணு மாசத்துக்கு நிக்கற மாத்திரை குடுத்தா. ஆள் வச்சு வீடு பூரா மருந்து அடிச்சா. இப்ப இதுகிட்ட உண்ணி கெடையாது, நீங்க பயப்பட வேண்டாம், காதுக்குள்ள பாத்துக்கிடுங்க, நான் சொன்னேன்னு நம்பாதீங்க. பொறப்படும்போது வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னா. பேரப் பிள்ளைக்கு ஆகாதுன்னு நாயக் குடுக்கச் சொல்லுதான்னு ஒங்ககிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். எதுத்த வீட்டம்மாகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். அவ சொன்னது அது இல்ல. "இனி ஒங்க பொறுப்புல ஒரு உசுரு இருக்க வேண்டாம்பா"ன்னா.

அதுக்கப்புறம் பேசல. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா.

அவளச் சொல்லிக் குத்தமில்ல. சுவத்த அழிச்சிரலாம்னு ஒரு நா சுண்ணாம்பு கரைச்சேன். அந்த ரெண்டு வரியிலயும் ஆவுடை கண்ணு பட்டிருக்கு. விரல வச்சுத்தான் படிப்பா அவ. அழிக்க மனசு வரல. எழுதுன கைய என்ன செய்ய? மருந்து போடலன்னு எழுதாம விட்டுருந்தா அவ சாமணத்த எடுத்திருப்பா சார். நான் செய்யாம விட்டது கூட இல்ல, செஞ்சேன்னு எழுதுனது. அதுதான் அவளக் கொன்னுச்சு. இத இன்னைக்குத்தான் வாய் விட்டுச் சொல்லுதேன்.

சரி, ஒங்க ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கான். வா பவுனு. வாட்டி. இந்தக் கயிறு போதும், சங்கிலி வேண்டாம், இழுக்காது. இது அவ சேலை. கொதிக்கற தண்ணியில மூணு தடவ அலசிருக்கேன், ஒங்க வீட்டுல இத விரிச்சுப் போட்டீங்கன்னா மொத நாலு நாளு அழாமப் படுக்கும். இந்தா, இதையும் வச்சுக்கிடுங்க. அந்த ரெண்டு ட்யூபு. அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் தேதி இருக்கு, பாத்துக்கிடுங்க. மாத்திரைக் கெடு முடிஞ்சதும் ஆஸ்பத்திரியில கேட்டுட்டு ஆரம்பிங்க.

ஒரு ஒதவி சார். தபால்ல தேதி முத்திரை குத்துறவுக நீங்க, ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. இதுக்கு மருந்து போடற அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடுங்க. இங்க எழுதிக்கிடுதேன். இருபத்தஞ்சுதான்னு இல்ல, என்னைக்குப் போடுதீங்களோ அன்னைக்கு. போட்டப்புறம் பண்ணுங்க. போட்டு முடிச்சு, கையக் கழுவுனப்புறம். நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்.

நம்பர எழுதிக்கிடுங்க. போன் எப்பவும் சட்டைப் பையிலதான் இருக்கும்.